தொடாதே என்று நீங்கள் சொன்ன கியர் ஒயில்

என் ஆசை அண்ணே,

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. சுகமாகத்தான் போனீர்கள். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், கிளாஸில் பாதித் தேத்தண்ணி மிச்சம் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. படுக்கையில் கிடக்கவில்லை. யாரும் உங்களைத் தூக்கிப் புரட்டவில்லை. யாரும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. அந்தக் கடைசி வசதியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த மாதம் உங்கள் முதலாவது திதி. அண்ணி கண்டியில் ஓர் அச்சகத்தில் நினைவு மலர் அடிக்கக் கொடுத்திருக்கிறார். அட்டையில் உங்கள் படம். அச்சகக்காரர்கள் உங்கள் வழுக்கையில் மயிர் நட்டு, கன்னத்து மருவை எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு டையையும் கட்டிவிட்டிருக்கிறார்கள். யார் இந்த மாப்பிள்ளை என்று கேட்டேன். அண்ணி ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

பிறகு பேசினார், ஏனென்றால் என்னால் ஆக வேண்டிய ஒரு வேலை இருந்தது. "பத்மா, நீயும் ஒரு பக்கம் எழுதித் தரணும். வேனப் பத்தி எழுது. அதத்தான் எல்லாரும் வாசிப்பாங்க" என்றார். உண்மைதான். உங்கள் செத்த வீட்டில் பேசிய நான்கு பேரும் அந்த வேனைப் பற்றித்தான் பேசினார்கள். கோயில் தலைவர், "தங்கைக்குக் கால் போனபோது நாலு சக்கரத்தைக் காலாகக் கொடுத்த வள்ளல்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது தெரியும். அந்த ஒரு பக்கத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், அது இப்படி வருகிறது. இதை அண்ணி மலரில் போடமாட்டார், அதனால் திதி முடிந்த பிறகு ஒரு பத்திரிகைக்குக் கொடுப்பேன். உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி இருக்காது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள். தலாத்துஓயாவுக்கு மேலே உள்ள வளைவில் உங்கள் த்ரீவீலைக் கவிழ்த்தீர்கள். பின்னால் நான் இருந்தேன். ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் போன், யாரோ ஒரு கூட்டாளியோடு சிரிப்பு. பொலிஸ் கேட்டபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது என்றேன். நீங்கள் கட்டில் ஓரத்தில் நின்று அந்த நாய்க்கு நிறம்கூடச் சொன்னீர்கள். அப்படி ஒரு நாயே இல்லை அண்ணே.

இடது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. கொழுந்து பறிக்க மலை ஏற முடியாது என்று தோட்டத்தில் பேரையும் வெட்டினார்கள். நீங்கள் எட்டு வருடம் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வந்தால் முற்றத்தில் நிற்பீர்கள், பிஸ்கட்டும் ஒரேஞ்சும் கொடுப்பீர்கள், "ஒனக்கு ஏதாவது செய்யணும்" என்பீர்கள், போய்விடுவீர்கள்.

பிறகு ஒரு சித்திரை வருடப் பிறப்பன்று வேனோடு வந்து நின்றீர்கள். பொனட்டில் சந்தனம், கண்ணாடியில் மாலை, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நீங்கள் நாடு முழுக்கச் சுற்றிய அதே வேன். உங்களுக்கு வேறொன்று வந்துவிட்டது, இது எனக்கு. "இது ஓட்டோ கியர். கிளச்சே இல்ல. ஒனக்கு எடது கால் வேணாம். இனி நீ யாரையும் எதிர்பாக்க வேண்டியதில்ல" என்றீர்கள். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மடங்காத காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, சாய்ந்து, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அதை நினைக்கும்போது எனக்கு உங்கள் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருவது அதிகம்.

சாவியைக் கையில் வைக்கும்போது ஒரு புத்திமதி சொன்னீர்கள். "எஞ்சின் ஒயில் மாத்து, பிரேக்க பாரு, டயர மாத்து. கியர் ஒயில மட்டும் தொட்டுராத. இவ்வளவு தூரம் ஓடின ஓட்டோ கியருக்கு அந்தப் பழைய ஒயில்தான் உசிரு. புதுசு ஊத்தினா கியர்ப் பெட்டி செத்துரும்." அப்போதே மீற்றர் மூன்று லட்சம் கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. இந்த மலைப் பக்கத்து டிரைவர்மார் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தலையை ஆட்டினேன்.

ஆறு வருடம் ஓட்டினேன். ஹேவாஹெட்டத் தோட்டங்களிலிருந்து கண்டிக்குப் புடவைக் கடை, மருந்துக் கடை, பேக்கரி என்று வேலைக்குப் போகிற பதினொரு பெண்பிள்ளைகள். காலையில் இறக்கி, பொழுதுபடும்போது ஏற்றிக்கொண்டு வருவேன். நொண்டிச்சி ஓட்டுகிற வேனில் ஏறாதே என்று வீட்டில் தடுத்த ஆட்களும் உண்டு. அதே ஆட்கள் பிறகு, பத்மாக்காவின் வேனில் இடம் இருக்கிறதா என்று வந்து நின்றார்கள். நான் பயந்து பயந்து, இறக்கத்தில் மெதுவாக, ஏற்றத்தில் இன்னும் மெதுவாக ஓட்டுவேன். அதுதான் அந்த வேனைக் காப்பாற்றியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீங்களும் மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்ப்பீர்கள். பொனட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். "ஏத்தத்துல எப்படி?" என்று கேட்பீர்கள். நல்லா இழுக்குது என்றால் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வாங்க அண்ணே, ஒரு சுற்றுப் போய் வருவோம் என்றால் மட்டும் உங்களுக்கு எப்போதும் ஓர் அவசர வேலை இருக்கும். உங்கள் மகள் நிரோஷா எங்கள் வீட்டுக்கு வந்து திரும்பும்போது நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றாலும் விடமாட்டீர்கள். "அவளுக்கு வேன் ஒத்துக்காது, வாந்தி எடுப்பா. பஸ்ல வரட்டும்."

நீங்கள் போனதும் வேனும் துக்கம் காக்கத் தொடங்கியது. முதலில் காலையில் மட்டும் கொஞ்சம் தயங்கியது. பிறகு தலாத்துஓயா ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், வேன் நகராது, ஒரு மூச்சு விட்டுத்தான் பிடிக்கும். "அக்கா, வேனுக்கு இழுப்பு நோய்" என்பாள் செல்வி. அவள் புடவைக் கடையில் துணி வெட்டுகிறவள், வேனில் எப்போதும் கதவோர சீற்றில் இருப்பவள், வாய் சும்மா இருக்காது. ஏற்றம் வந்தால் பிள்ளைகள் தாங்களாகவே இறங்கி நடப்பார்கள், மேலே போய் ஏறிக்கொள்வார்கள். இப்படி எத்தனை நாளைக்கு?

தலாத்துஓயா கராஜ் மெக்கானிக் பாஸிடம் காட்டினேன். அளவுக் கம்பியை இழுத்து, மீற்றரைப் பார்த்து, கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு, "அத கஹன்ன எப்பா, மிஸ்" என்றார் சிங்களத்தில். கை வைக்க வேண்டாமாம். வைத்தால் தன்மேல் பழி வருமாம். கண்டியிலும் அதையே சொன்னார்கள். உங்கள் புத்திமதியை ஊரே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறது. யாரும் தொடமாட்டார்கள் என்றால் நானே தொடுகிறேன் என்று ஒரு கோபம் வந்தது. உங்கள் தங்கச்சிதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு முற்றத்தில் மாற்றினேன். நிரோஷா உதவிக்கு வந்தாள். உங்கள் மகள் இப்போது சின்னப் பிள்ளை இல்லை, இருபத்தாறு வயது, முன்பள்ளி டீச்சர், போனில் பார்த்துப் பார்த்து எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். முன் சக்கரம் இரண்டையும் பலகை போட்டுக் கல் அடுக்கின் மேல் ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கருங்கல் முட்டுக் கொடுத்தோம். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம், சூட்டில்தான் ஒயில் நன்றாக இறங்கும். உரச் சாக்கை விரித்து, மடங்காத காலை முதலில் தள்ளி, முதுகால் நகர்ந்து கீழே போனேன். அடியில் ஒரு தரம் படுத்துவிட்டால் திரும்பி வருவது என்னுடைய சொந்தப் பிரச்சினை.

ஒயில் வடிக்கிற போல்ட்டைக் கழற்றியபோது தாரை மாதிரி வரும் என்று பாத்திரத்தை எட்டத்தில் பிடித்தேன். வரவில்லை. கறுப்பாக, கெட்டியாக, வெல்லப் பாணியைக் கவிழ்த்தது போல நிதானமாக இறங்கியது. ஓட்டோ கியர் ஒயில் சிவப்பு, பழசானால் மண்ணிறம், இன்னும் பழசானால் கறுப்பு. ஆனால் அது எப்போதும் தண்ணீர் மாதிரி ஓடும். இது விரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. பிறகு அடிச்சட்டியைக் கழற்றினால் உள்ளே இருந்த காந்தங்களில் இரும்புத் தூள் விரல் மொத்தத்துக்குப் பிடித்திருந்தது. பழசு, பழசு என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன். நம்பிக்கை உள்ளவளுக்கு எல்லாமே பழசாகத்தான் தெரியும்.

எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும் என்பது முறை. அதனால் வடித்ததையெல்லாம் அளந்து தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி வைத்தோம். நான்கு போத்தல் நிரம்பியது. அதில் ஒன்றை நிரோஷா தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"அத்த, இது அப்பா கையால ஊத்தின ஒயில்."

"ஆமாம்மா."

"இத நான் எடுத்துக்கிறேன் அத்த. அப்பா படத்துக்கிட்ட வைக்கிறேன்."

கொடுத்தேன். போத்தலைக் கழுவித் துடைத்து, மூடியைச் சுற்றி மஞ்சள் நூல் கட்டிக்கொண்டு போனாள். அது இப்போது உங்கள் படத்துக்கு முன்னால் இருக்கிறது அண்ணே. தினமும் பொழுதுபட விளக்கு வைத்துக் கும்பிடுகிறாள். உங்களுக்கு அங்கே சிரிப்பு வருகிறதா, இல்லை வேறு ஏதாவது வருகிறதா?

புது ஒயில் ஊற்றினேன், நல்ல சிவப்பு. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நிறுத்தி, சூடேறின பிறகு கம்பியைத் துடைத்து அளவு பார்த்தேன். எல்லாம் முறைப்படி. கொஞ்சம் குறைவாகக் காட்டியது. பின்னால் எடுக்கப் போட்டேன், வேன் அசையவில்லை. முன்னால் போட்டேன், எஞ்சின் ஊரையே கூட்டியது, வேன் நொண்டி நொண்டி ஒரு அடி போய் நின்றது. ஒயில் குறைவினால்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு இரவு பிள்ளைகளுக்கெல்லாம் போன் பண்ணி, நாளைக்கு ஒரு நாள் பஸ்ஸில் போங்கள் என்றேன்.

மறுநாள் நானும் பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். இன்னும் ஒரு லீற்றர் வாங்கவும், கழித்த ஒயிலைக் காட்டவும் மிச்சம் இருந்த மூன்று போத்தலில் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். வாகனச் சாமான் கடை பலீல் நானாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே, உங்கள் பழைய கூட்டாளி. அவர் போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து, இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தார். தேய்த்த விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

"தங்கச்சி, இது ஓட்டோ கியருக்கு ஊத்துற சாமானே இல்ல. இது லொறிப் பெட்டிக்கு ஊத்துற தடிச்ச ஒயில். அதோட ஒரு டின் பசையும் கலந்தீக்கிது."

"யாரு ஊத்தியிருப்பாங்க நானா?"

அவர் விரலைத் துணியில் துடைத்தார். "நான்தான் குடுத்தேன். ஒங்கட அண்ணனுக்கு. அந்தப் பெட்டி அப்பவே முடிஞ்சி. வழுக்கி வழுக்கித்தான் ஓடிச்சி. கழட்டிச் செய்யோணும்னு நான் சொன்னேன். அவர் கேக்கல. தடிச்சத ஊத்தினா கொஞ்ச நாளக்கிப் பிடிக்கும், வழுக்குறது வெளியில தெரியாது. எல்லாரும் விக்கிறதுக்கு முந்தி செய்யிற வேலதான்."

"அண்ணன் விக்கலியே நானா. எனக்குத்தானே குடுத்தாரு."

"அதத்தான் நானும் கேட்டேன். ஆருக்கு விக்கப் போறீங்கன்னு. விக்கல, தங்கச்சிக்குக் குடுக்கப் போறேன், ஒரு வருஷம் ஓடினாப் போதும்னு சொன்னார்." பலீல் நானா போத்தலை மூடி என் பக்கம் தள்ளினார். "எனக்கும் வாய் இருந்திச்சி தங்கச்சி. நானும் சொல்லல்ல. அல்லாஹ் எனக்கிட்டயும் கேப்பான்."

ஒரு வருஷம் ஓடினாப் போதும்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் இந்த ஒரு வசனத்தைத்தான் புரட்டிக்கொண்டு வந்தேன். என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள்? ஒரு வருடத்துக்குள் பெட்டியைச் செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தீர்களா? ஒரு வருடம் ஓடிவிட்டு நின்றால், கொடுத்த பேர் உங்களுக்கு, கெடுத்த பேர் எனக்கு என்று நினைத்தீர்களா? இல்லை, ஒரு வருடத்தில் ஒரு மலையில் என் கதையே முடிந்துவிடும் என்பதும் அதற்குள் இருந்ததா? நீங்கள் இருந்தால் ஏதாவது ஒரு நாயைக் குறுக்கே விட்டிருப்பீர்கள். நிறத்தோடு.

பொனட்டில் காதை வைத்து நின்றீர்களே, அதன் அர்த்தமும் அன்றைக்குத்தான் விளங்கியது. நான் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் செய்த பொய் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் மாதாமாதம் வந்திருக்கிறீர்கள்.

இங்கே நிறுத்தினால் இது உங்கள் கதையாக மட்டும் இருக்கும். நான் நல்லவளாக இருப்பேன். அப்படி நிறுத்தத்தான் ஆசை, ஆனால் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் புதுசாக வாங்கிய லீற்றரையும் ஊற்றிப் பார்த்தேன். அளவு சரியாக வந்தது, வேன் வரவில்லை. உங்கள் தடித்த ஒயில்தான் கியர்ப் பெட்டிக்குள் தேய்ந்த தட்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது, நல்ல ஒயில் வந்ததும் விட்டுவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் போன் எடுத்தார்கள். பஸ் நேரத்துக்கு வரவில்லை, கடையில் ஏச்சு விழுந்தது, நாளைக்கு வருவீங்களா அக்கா என்று. இதை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? கொழுந்துக் கூடையைக்கூடத் தூக்க முடியாது.

பொழுதுபடுவதற்குள் மறுபடி சாக்கை விரித்துக் கீழே போனேன். ஊற்றின சிவப்பு ஒயில் முழுவதையும் வடித்து எடுத்தேன். உங்கள் கறுப்பு ஒயில் மூன்று போத்தலையும் பழைய மெல்லிய சேலையை நாலாக மடித்து வடிகட்டினேன். திரும்ப ஊற்றினேன். நிரோஷா கொண்டுபோன போத்தலைக் கேட்க வாய் வரவில்லை, அந்த அளவுக்குச் சிவப்பு ஒயிலைச் சேர்த்துக்கொண்டேன். முக்கால் பங்கு உங்களுடையது, கால் பங்கு என்னுடையது. சாவியைத் திருப்பிப் பின்னால் எடுக்கப் போட்டேன். வேன் நல்ல பிள்ளையாகப் பின்னால் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணே. வெட்கமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பிள்ளைகள் ஏறினார்கள். "அக்கா, வேன் சுகமாயிருச்சா?" என்றாள் செல்வி. "ஒயில் மாத்தியாச்சு" என்றேன். பொய் இல்லை. இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன். இந்த மாதிரி உண்மை பேசுகிற கெட்டிக்காரத்தனம் நம் வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது மழை. தலாத்துஓயாவுக்கு மேலே, நீங்கள் என்னைக் கவிழ்த்த அதே வளைவு. ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, பிடி விட்டது, வேன் பின்னால் போகத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். பிடித்தது. ஆனால் பிடிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு அடி போய், பின் சக்கரம் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி, வேன் ஒரு பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், யாரும் சாகவில்லை. கதவோரத்தில் இருந்த செல்வி மட்டும் பயத்தில் கதவை இழுத்துத் திறந்து குதித்துவிட்டாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

அடுத்த நாள் அவளைப் பார்க்கப் போனேன். லயத்து வாசலில், கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையில் வேறு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. நான் குதிச்சிருக்கக் கூடாது. சும்மா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எல்லாருக்கும் இப்ப ஒங்க மேல கோவம்."

நான் அவளுக்கு என்ன கொண்டுபோயிருந்தேன் தெரியுமா? பிஸ்கட்டும் ஒரேஞ்சும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் முற்றத்திலேயே நின்றுகொண்டு என்ன சொன்னேன் தெரியுமா? "ஒனக்கு ஏதாவது செய்யணும் செல்வி." என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது. அந்த எட்டு வருடமும் உங்களுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்பது அன்றைக்கு முழுசாக விளங்கியது. விளங்கியதால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு சுலபம் என்று தெரிந்த பிறகு உங்களை இன்னும் கூடுதலாக வெறுக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிஸ்கட் பக்கெட்டைத் திண்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊரில் என்ன கதை என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு நல்ல பேர்தான். அண்ணன் உயிரைக் கொடுத்து வாங்கிக் கொடுத்த வேனை, அண்ணன் பேச்சைக் கேட்காமல் தொட்டு, பாழாக்கிவிட்டாளாம் பத்மா. அண்ணி என் முற்றத்தில் நின்றே சொன்னார்: "படிச்சுப் படிச்சு சொன்னாரு, தொடாத தொடாதன்னு. ஒனக்கு எப்பவுமே அவசரம்." மலரில் எழுதுகிற பக்கத்தில் அதற்காக ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் நல்லது என்றும் சொன்னார். பாருங்கள் அண்ணே, நீங்கள் செத்தும் உங்கள் பொய் வேலை செய்கிறது. பெட்டியைவிட அது உறுதி.

நான் ஏன் அப்போதே உண்மையைச் சொல்லவில்லை? நிரோஷாவுக்காக. போன கிழமை அவள் வந்தாள். கராஜில் கிடக்கிற வேனைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள். முன்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேன் வேண்டுமாம், லைசன்ஸும் எடுத்துவிட்டாள். அப்பாவின் வேனை யாருக்கோ கொடுப்பதைவிடத் தன்னிடம் இருக்கட்டும் என்கிறாள்.

"மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைங்க அத்த. வேற வேன்னா எனக்குப் பயம். இது அப்பா வேன்."

"அது ஓடாதும்மா. பெட்டி முடிஞ்சிருச்சு."

"நீங்க மாத்தினதாலதான் அத்த. கோவிக்காதீங்க. கண்டியில அந்தக் கடை நானாகிட்ட கேட்டுப் பாருங்க, அப்பா என்ன ஒயில் போட்டாருன்னு. அதையே வாங்கி ஊத்துவோம். அப்பா ஊத்தினா அது சரியாத்தான் இருக்கும்."

அண்ணே, கேட்டீர்களா? அப்பா ஊற்றினதையே ஊற்றுவோம் என்கிறாள் உங்கள் மகள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஏற்றத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவாள், கண்ணாடியில் உங்கள் படத்தை ஒட்டிக்கொண்டு. வாயைத் திறந்தால் அவளுக்கு அப்பா இல்லாமல் போவார். முதல் தரம் நீங்கள் செத்தபோது அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் தரம் உங்களைச் சாகடிக்கிற வேலையை எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதைவிட நல்ல பரிசு ஒன்று உங்களுக்குக் கிடைக்கவில்லையா?

வேனை உடைக்கிற ஆளுக்குக் கொடுத்துவிட்டு ஏதாவது ஒரு கதை சொல்லலாம் என்றும் யோசித்தேன். விற்றுவிட்டேன், திருடு போய்விட்டது, மலையில் உருண்டுவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் போத்தல் உங்கள் படத்துக்கு முன்னால் அப்படியே இருக்கும். அவள் விளக்கு வைத்துக்கொண்டே இருப்பாள். நான் ஒவ்வொரு திதிக்கும் வந்து, வடைக்கும் அரைப் போத்தல் சாராயத்துக்கும் நடுவில், மஞ்சள் நூல் கட்டின அந்தக் கறுப்பைக் கும்பிட வேண்டும். ஒரு தரம் மடங்காத காலோடு கும்பிட்டது போதும்.

அதனால் உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். திதிக்கு முதல் நாள் செல்வியிடம் போவேன். வெறுங்கையோடு போவேன். அந்த ஒயில் என்னவென்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் பிள்ளைகளை ஏற்றினேன் என்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாலும் சரி. உங்களைக் காட்டிக்கொடுக்கப் போகிற வாய் முதலில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு வரட்டும்.

மறுநாள் படையல் போடுவதற்கு முன்னால் நிரோஷாவைத் தனியாகக் கூப்பிடுவேன். ஒயிலைப் பற்றியும் பலீல் நானாவைப் பற்றியும் சொல்வேன், ஒரு வருஷம் என்று நீங்கள் சொன்னதையும் சொல்வேன். அவள் நம்பமாட்டாள். எனக்குப் பொறாமை என்பாள், அப்பா அப்படிச் செய்யமாட்டார் என்பாள். அப்போது அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

"அஞ்சு வருஷமா என்னய அந்த வேன்ல விட்ட ஒங்க அப்பா, ஒன்னய ஒரு நாளும் அதுல ஏத்தலியே நிரோ. ஒனக்கு வாந்தி வரும்னு சொன்னாரு. ஒனக்கு என்னைக்கும்மா வாந்தி வந்திருக்கு?"

இப்படிக்கு,
ஒரு வருஷம் ஓடினால் போதும் என்று நீங்கள் வழியனுப்பி வைத்த,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி
பத்மா